கட்டட நிதிக்கு இரண்டை அழுத்தவும்

அத்தியாயம் பதினொன்று

சென்ற வாரம் அண்ணியையும் நாத்தனாரையும் நுகர்வோர் மன்றத்துக்குப் போகும் பேருந்தில் ஏற்றிவிட்டு நாம் கீழே இறங்கிக்கொண்டோம். இதற்குள் அவர்கள் போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று நினைத்தால் தவறு. பேருந்து பாலத்தின் மேல் நகராமல் நிற்க, அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்து உதட்டுக்குள் வாதத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

வக்கீல் வைக்கவில்லை. வேண்டாம் என்றுவிட்டாள். கூட வருகிறேன் என்று சொன்ன கணவனையும், இதற்கு வேண்டியது வாய்தானே தவிர ஆள்பலம் இல்லை என்று சொல்லி, மகளைக் கவனித்துக்கொள்ள வீட்டில் நிறுத்திவிட்டாள். அந்த வாயைப் பற்றி அவளுக்குச் சந்தேகமே கிடையாது. அவள் தொழிலே அதுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால் 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது' என்று தேனாகச் சொல்லி நம்மைக் காக்க வைக்கிறாளே ஒருத்தி, அவள்தான் இவள். வங்கி, குடிநீர் வாரியம், சமையல் எரிவாயு, கூரியர் கம்பெனி என்று ஊரில் பாதித் தொலைபேசிகளில் குடியிருப்பவள். எத்தனையோ பேர் அவளை வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பார்கள். முகத்துக்கு நேராக ஒருவர்கூடத் திட்டியதில்லை என்பதால் தன்னம்பிக்கைக்குக் குறைவில்லை.

வழக்கு என்ன என்று இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்துகொள்கிறவர்களுக்குச் சொல்லிவிடலாம். அண்ணியின் மகளுக்கு வீட்டில் வாண்டு என்று பெயர். அவளைப் பெரிய பள்ளி ஒன்றில் சேர்த்தார்கள். வருடக் கட்டணம் கட்டினார்கள், அதற்கு மேல் கட்டட நிதி என்று பெருந்தொகை ஒன்றும் கொடுத்தார்கள். பள்ளி திறப்பதற்கு முன்பே, வாண்டின் வகுப்பை ஊருக்கு வெளியே கட்டிக்கொண்டிருக்கும் புதுக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டதாகச் செய்தி வந்தது. விடியுமுன் கிளம்பினால் இருட்டிய பிறகு வீடு திரும்பலாம். இது சரிப்படாது என்று குழந்தையை எடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். பள்ளி கையை விரித்தது. கட்டணம் திரும்பாது, அது விதி; கட்டட நிதியோ நீங்கள் மனமுவந்து தந்த நன்கொடை, கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது உங்களுக்கே நன்றாயிருக்கிறதா என்று பதில் எழுதியது.

அந்த மனமுவந்த நன்கொடை அண்ணியின் பணமே இல்லை என்பதுதான் விஷயம். அது நாத்தனாரின் பணம்.

கணவனின் தங்கை. ஒரு பெரிய மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் காலையிலிருந்து மாலை வரை லென்ஸ் தேய்ப்பவள். யாரைப் பார்த்தாலும் முதலில் அவர் மூக்கின் மேல் இருப்பதைத்தான் பார்ப்பாள். பிரேம் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அதை நிமிர்த்தும் வரை அவளுக்கு இருப்புக் கொள்ளாது. அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. தனக்கென்று ஒரு கடை போட வேண்டும் என்று வருடக்கணக்காகச் சேர்த்த பணத்தை, அண்ணி கேட்டபோது எதற்கு, எப்போது திரும்பும் என்று ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக் கொடுத்தவள்.

இப்போது கடைக்கு இடம் வந்திருக்கிறது. சந்தை முனையில், கண் டாக்டரின் மாடிப்படிக்கு நேர் கீழே. மருந்துச் சீட்டோடு இறங்குகிறவர் நேராகக் கடைக்குள்தான் கால் வைக்க வேண்டும். அப்படி ஓர் இடம் வாழ்நாளில் ஒரு தடவைதான் வாய்க்கும். இன்று சாயங்காலத்துக்குள் முன்பணம் வர வேண்டும் என்று இடத்தின் சொந்தக்காரரான கட்டடக்காரர் சொல்லிவிட்டார்.

பாலத்தின் மேல் நிற்கும்போதே அவருடைய போன் வந்தது. சாயங்காலம் கட்டாயம் வந்துவிடுகிறேன் என்று நாத்தனார் உறுதியாகச் சொன்னாள். போனை வைத்த பிறகு அந்த உறுதி கொஞ்சம் இறங்கிவிட்டது.

"இன்னைக்கே கைக்கு வந்துடுமா அண்ணி?"

"இன்னைக்கே உத்தரவு வாங்கிடலாம். உத்தரவு கையில இருந்தா அவரும் நம்பிக் காத்திருப்பார். நீ பாத்துக்கிட்டே இரு."

நாத்தனார் தலையை ஆட்டினாள். அண்ணி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைப்பது அவள் வழக்கம். அண்ணி சொல்லும் விதம் அப்படி.

*

மன்றம் என்ற பெயருக்கும் அந்த இடத்துக்கும் சம்பந்தம் இல்லை. பழைய அலுவலகக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் நீளமான ஓர் அறை. ஒன்றோடொன்று கம்பியால் பிணைத்த நாற்காலிகள். ஒருவர் அசைந்தால் வரிசையே அசையும். ஓடாத குளிர்சாதனத்துக்குத் துணையாக ஓடுகிற மின்விசிறி. மேடையில் மூன்று பேர் உட்கார வேண்டிய இடத்தில் தலைவரம்மா மட்டும் உட்கார்ந்திருந்தார். நரைத்த தலை, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி. நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு, காதுக் கம்பி தளர்ந்திருக்கிறது என்று அண்ணியின் காதில் சொன்னாள்.

நாற்காலிகள் பெரும்பாலும் நிறைந்திருந்தன. துணி துவைக்கும் இயந்திரத்தோடு சண்டை போட்டவர், ஒழுகும் குளிர்பெட்டி வாங்கியவர், கடைசி வரிசையில் இதே பள்ளியின் மேல் வழக்குப் போட்ட நாலைந்து பெற்றோர். அவர்கள் அண்ணியைப் பார்த்துத் தலையசைத்தார்கள். அவர்களுடைய முறை அடுத்தடுத்த வாரங்களில் வரும். முதலில் போகிறவள் எப்படி மீண்டு வருகிறாள் என்று பார்க்க வந்திருந்தார்கள்.

வழக்கு எண்ணைக் கூப்பிட்டதும் அண்ணி எழுந்து போய்ப் பேசினாள். தயார் செய்த வாதம், தடங்கலே இல்லை. சேர்ந்தது எந்த இடத்தில், மாற்றியது எந்த இடத்துக்கு, எடுத்தது எப்போது, ஒரு நாள்கூட வகுப்பில் உட்காராத குழந்தைக்கு ஒரு வருடக் கட்டணம் எதற்கு என்று வரிசையாகக் கேட்டாள். கட்டட நிதி கட்டாவிட்டால் இடம் இல்லை, ஆனால் ரசீதில் நன்கொடை என்றுதான் எழுதுவோம் என்று அலுவலகத்தில் சொன்னதையும் சொன்னாள். வாய் வார்த்தைதான், அதற்குச் சாட்சி இல்லை. தலைவரம்மா தாடையில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்பதற்கு அவருக்கே இதமாக இருந்திருக்க வேண்டும்.

பிறகு பள்ளியின் வக்கீல் எழுந்தார். பக்கத்தில் பள்ளியின் தாளாளர், சட்டைப் பையில் மூன்று பேனாக்களோடு, ஒரு சின்னப் புன்னகையோடு உட்கார்ந்திருந்தார். அந்தப் புன்னகை அண்ணிக்குப் பிடிக்கவில்லை.

வக்கீல் அதிகம் பேசவில்லை. பணம் திரும்பாது என்பது மனுதாரருக்குத் தெரிந்த விஷயம், தெரிந்தே கட்டினார், இப்போது தெரியாதது போல நடிக்கிறார் என்றார். அதற்கு என்ன ஆதாரம் என்று தலைவரம்மா கேட்டார். வக்கீல் ஒரு சிறிய ஒலிபெருக்கியை எடுத்து மேசையில் வைத்து அழுத்தினார்.

'செலுத்திய தொகை எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது.'

தெளிவான குரல். ஒவ்வொரு சொல்லும் முத்து முத்தாக. அண்ணிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இது எங்க பள்ளித் தொலைபேசியில வர்ற அறிவிப்பு. சேர்க்கைக்கு முன்னாடியே பதிவு பண்ணினது. இது யார் குரல்னு மனுதாரர் சொன்னா நல்லா இருக்கும்."

யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கால் மணி நேரமாக அதே குரலைத்தான் அறை முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. வரிசைகள் அசைந்தன. கடைசி வரிசையில் ஒரு தகப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என் குரல்தான்" என்றாள் அண்ணி. பொய் சொல்லத் தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு முடியாது.

திரும்பி நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் அவளைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வக்கீலின் வாதத்துக்குப் பதில் தேடிக்கொள்ளலாம், இதற்கு என்ன செய்வது என்று அண்ணிக்குத் தெரியவில்லை.

தலைவரம்மா இரண்டு பக்கத்தையும் ஒரு பார்வை பார்த்தார். தேநீர் இடைவேளைக்குப் பிறகு தொடரலாம் என்று சொல்லி எழுந்தார்.

*

தாழ்வாரத்தின் முனையில், மணல் வாளிகள் மாட்டிய சுவரோரம் நாத்தனார் நின்றாள். அவள் கோபப்பட்டால் சமாளிக்கலாம், அண்ணிக்கு அது பழக்கம். அமைதியாக நின்றால்தான் பயம்.

"தெரிஞ்சுதான் என்கிட்ட வாங்கினீங்களா?"

"இல்ல."

"வாசிச்சது நீங்கதானே அண்ணி."

"வாசிச்சேன். காதுல வாங்கல."

இதைச் சொல்லும்போதே அது எவ்வளவு அபத்தமாக இருக்கிறது என்று அண்ணிக்குத் தெரிந்தது. ஆனால் உண்மை அதுதான். சேர்க்கைக் காலம் வருமுன், குரல் பதிவு செய்யும் ஏஜென்சிக்காரர்கள் கட்டுக் கட்டாகத் தாள் அனுப்புவார்கள். எங்கே மூச்சு விடுவது, எங்கே குரலை இறக்குவது என்றுதான் அவள் பார்ப்பாள். ஆஸ்பத்திரி, பள்ளி, கல்யாண மண்டபம், எல்லாம் ஒரே மூச்சில் போகும். அர்த்தத்தைப் பார்க்க ஆரம்பித்தால் நாக்குத் தடுமாறும். படித்து முடித்ததும் தாள் குப்பைக்குப் போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. தன் குரலைத் தானே கேட்க அவளால் முடியாது. பல் கூசும். தான் பேசியிருக்கும் எந்த எண்ணுக்கும் அவள் போன் செய்யமாட்டாள், நேரிலேயே போய்விடுவாள். அந்தப் பள்ளிக்கு நம் குரல்தான் வாசல் என்று ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டவள், மற்ற பெற்றோரைப் போல ஒரு தடவை போன் போட்டுப் பார்த்திருந்தால் போதும். அவளுடைய குரலே அவளை எச்சரித்திருக்கும்.

இத்தனையையும் அவள் நாத்தனாரிடம் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, மன்னிப்பு என்ற சொல்லைச் சேர்க்க வாய் வராமல் நின்றாள்.

நாத்தனார் தன் போனை எடுத்தாள். எண்ணை அழுத்தி, ஒலியைக் கூட்டி, அண்ணியின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"கேளுங்க. என் பணத்த வெச்சுக்கிட்டு நீங்க என்ன சொல்லியிருக்கீங்கன்னு ஒரு தடவையாவது கேளுங்க."

'வணக்கம்' என்றது பள்ளியின் தொலைபேசி. அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாத்தனார் விடவில்லை. சேர்க்கைக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது, அழுத்தினாள். கட்டணத்துக்கு ஒன்றும் கட்டட நிதிக்கு இரண்டும் அழுத்தச் சொன்னது. கோபத்தில் இரண்டை ஓங்கிக் குத்தினாள்.

'கட்டட நிதி செலுத்தியவர்களுக்கு மட்டுமே சேர்க்கை உறுதி செய்யப்படும். குறித்த நாளுக்குள் செலுத்தத் தவறினால் இடம் அடுத்தவருக்கு வழங்கப்படும். செலுத்திய தொகை எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது. மீண்டும் கேட்க நட்சத்திரக் குறியை அழுத்தவும்.'

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நாத்தனார் நட்சத்திரக் குறியை அழுத்தினாள். மறுபடி வந்தது. மூன்று வாக்கியங்கள். வக்கீல் கடைசி வாக்கியத்தை மட்டும் வெட்டி எடுத்து வந்திருக்கிறார். முதல் வாக்கியத்தில் மனமுவந்தும் இல்லை, நன்கொடையும் இல்லை. கட்டினால்தான் இடம், இல்லாவிட்டால் வெளியே என்று அத்தனை அழகாக, அத்தனை மரியாதையாக அண்ணியே சொல்லியிருக்கிறாள். வாய் வார்த்தைக்குச் சாட்சி இல்லை என்று காலையில் வருத்தப்பட்டாளே, அந்தச் சாட்சி இத்தனை நாளும் அவள் தொண்டைக்குள்ளேயேதான் இருந்திருக்கிறது.

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. நாத்தனாரின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"உள்ள போங்க" என்றாள் நாத்தனார். "நம்ம கணக்கு தனி. அத அப்புறம் பேசிக்கலாம்."

*

இடைவேளை முடிந்து கூடியதும் அண்ணி கேட்டது ஒன்றே ஒன்று. ஒரு வாக்கியத்துக்காக மட்டும் தன்னை யாரும் கூலி கொடுத்துக் கூப்பிடுவதில்லை, மீதியையும் போடச் சொல்லுங்கள் என்றாள்.

வக்கீல் மென்று விழுங்கினார். தங்களிடம் இருப்பது இவ்வளவுதான் என்றார். முழு அறிவிப்பு எப்போதோ மாற்றப்பட்டுவிட்டது, இப்போது அது புழக்கத்திலேயே இல்லை என்றார். தலைவரம்மா நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கி மூக்கில் நிறுத்தினார்.

"பள்ளி நம்பர் என்ன?"

தாளாளர் தன் பேனாக்களை எண்ணிப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டார். மனுவிலேயே எண் இருந்தது. தலைவரம்மா மேசைத் தொலைபேசியை அருகே இழுத்து, ஒலிபெருக்கிப் பொத்தானை அமுக்கி, தானே எண்ணை அழுத்தினார்.

அந்தப் பக்கம் மணி அடித்தது. பிறகு அண்ணியின் குரல் வணக்கம் சொன்னது. துணி துவைக்கும் இயந்திரக்காரர், தன்னையறியாமல் பதில் வணக்கம் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். தலைவரம்மா ஒன்றை அழுத்தினார். இரண்டை அழுத்தினார். மூன்று வாக்கியங்களும் சாவகாசமாக, ஏற்ற இறக்கத்தோடு, மூச்சு விட வேண்டிய இடத்தில் மூச்சு விட்டு வந்தன. தன் குரலை அண்ணி இந்தத் தடவை முகம் திருப்பாமல் கேட்டாள். சுமாராக நன்றாகவே வாசித்திருக்கிறோம் என்றுகூட நினைத்தாள்.

தலைவரம்மா தொலைபேசியை அணைத்துவிட்டுத் தாளாளரைப் பார்த்தார். "மாத்திட்டதாச் சொன்னாங்களே."

தாளாளர் எழுந்தார். மாற்றத்தான் நினைத்தோம் என்று ஆரம்பித்தார். வழக்கு வந்த உடனேயே ஏஜென்சியைக் கேட்டிருக்கிறார்கள். ஒரு வாக்கியத்தை மட்டும் வேறு குரலில் போட்டால் ஒட்டுப் போட்டது போல இருக்கும், பழைய குரலுக்குரியவரையே கூப்பிட வேண்டும் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

"எங்க மேலயே கேஸ் போட்டிருக்கறவங்கள எப்படிம்மா கூப்பிடறது? சங்கடமா இருந்துச்சு. முடியட்டும்னு விட்டுட்டோம்."

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்" என்றாள் அண்ணி. "கேஸ் வேற, தொழில் வேற."

அறை சிரித்தது. கம்பியால் பிணைத்த நாற்காலிகள் ஒன்றாகக் குலுங்கின. தலைவரம்மாவும் சிரித்தார் என்று நாத்தனார் பிற்பாடு வீட்டில் சத்தியம் செய்தாள். அவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்ததால் உறுதியாகச் சொல்ல முடியாது.

சிரிப்பு அடங்கியதும் அவர் வக்கீலிடம் கேட்டது சுருக்கமாக இருந்தது. மனமுவந்து கொடுத்த நன்கொடை என்று பதில் மனுவில் எழுதியிருக்கிறீர்கள், நன்கொடை கொடுக்காவிட்டால் இடம் அடுத்தவருக்கு என்று போனில் சொல்கிறீர்கள், இரண்டில் எதை நான் நம்ப வேண்டும் என்றார். வக்கீல் தாளாளரைப் பார்த்தார். தாளாளர் வக்கீலைப் பார்த்தார்.

சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு உத்தரவு சொல்வதாகவும், அதற்குள் இரு தரப்பும் பேசி முடிப்பதானால் முடித்துக்கொள்ளலாம் என்றும் தலைவரம்மா அறிவித்தார்.

*

பேசி முடிக்கத் தாளாளர்தான் வந்தார். கீழே, வண்டிகள் நிறுத்தும் இடத்தில், இருவரும் கொண்டு வந்த பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே பொட்டலத்தில்தான் சாப்பிட்டார்கள், ஆனால் பேசிக்கொள்ளவில்லை.

தாளாளர் கையில் காசோலைப் புத்தகம் இருந்தது. முழுத் தொகையும் இப்போதே தருகிறேன் என்று சொல்லி, தொகையை எழுதிக் கிழித்து நீட்டினார். கட்டணம், கட்டட நிதி, ஒரு பைசா குறைவில்லாமல். பக்கத்துத் தெருவில் வங்கி, சாயங்காலத்துக்குள் பணம் கையில் இருக்கும். பதிலுக்கு அவர் கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. உத்தரவு வருமுன் மனுவைத் திரும்பப் பெற வேண்டும். பணம் திரும்பி வந்ததை வெளியே சொல்லக்கூடாது, முக்கியமாக அந்தக் கடைசி வரிசைக்காரர்களிடம்.

"உங்களுக்கு வேண்டியது பணம். எங்களுக்கு வேண்டியது கொஞ்சம் அமைதி. அவ்வளவுதானே?"

அண்ணியின் வாயில் பதில் தயாராக வந்து நின்றது. நல்ல பதில், சூடான பதில். அதை அவள் விழுங்கிக்கொண்டாள். உத்தரவு என்றால் பணம் வர ஒரு மாதமாவது ஆகும், மேல்முறையீடு என்று போனால் இன்னும் இழுக்கும். காசோலையை வாங்கினால் கண் டாக்டரின் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அந்த இடம் இன்றே நாத்தனாருடையது. ஒரு தடவை அவளுடைய பணத்தைத் தானே முடிவு செய்து தொலைத்தாயிற்று. இன்னொரு தடவை அந்தத் தப்பைச் செய்ய அண்ணிக்கு மனசில்லை.

"பணம் இவளோடது" என்றாள். "இவ என்ன சொல்றாளோ அதுதான்."

நாத்தனார் கையைக் கழுவிவிட்டு வந்தாள். காசோலையை வாங்கி, லென்ஸில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பதைப் போல வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அவள் முகத்தில் ஆசை தெரிந்தது. கையெழுத்துப் போடத் தாளாளரின் பேனா திறந்துகொண்டது.

"இதையே மேல வந்து, அந்தம்மா முன்னாடி கொடுப்பீங்களா?"

அது முடியாதே என்றார் தாளாளர்.

நாத்தனார் காசோலையை அவர் சட்டைப் பையில், பேனாக்களுக்குப் பக்கத்தில், கசங்காமல் செருகினாள்.

"எங்க அண்ணிக்குப் பேசறதுதான் தொழில். பேசாம இருக்கறதுக்குக் காசு வாங்கி எங்களுக்குப் பழக்கமில்ல சார்."

அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. நாத்தனார் அதைப் பார்க்காத மாதிரி பொட்டலத் தாளைச் சுருட்டிக் குப்பைக் கூடையைத் தேடிக்கொண்டு போனாள். எங்க அண்ணி என்று அவள் சொன்னதை அண்ணி மனசுக்குள் எடுத்து வைத்துக்கொண்டாள். காலையிலிருந்து அதுதான் கிடைக்காமல் இருந்தது.

*

உத்தரவு நீளமாக இல்லை. சேர்க்கைக்கு நிபந்தனையாக வாங்கிய தொகைக்கு எந்தப் பெயர் வைத்தாலும் அது கட்டணமே. நடக்காத வகுப்புக்கு வாங்கிய வருடக் கட்டணத்தையும், கட்டட நிதியையும், வழக்குச் செலவையும் ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். தலைவரம்மா சொல்லச் சொல்ல எழுத்தர் தட்டச்சுச் செய்தார். கடைசி வரிசையில் இருந்தவர்களில் ஒருவர் எழுந்து நின்று கேட்டார். மற்றவர்களும் எழுந்தார்கள். உட்காருங்கள் என்று யாரும் அதட்டவில்லை.

வெளியே வந்ததும் அவர்கள் அண்ணியைச் சூழ்ந்துகொண்டார்கள். தலையில் கை வைத்த தகப்பன் இப்போது அண்ணியின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். அந்த எண்ணுக்குப் போட்டு அறிவிப்பை உடனே பதிவு செய்துவிடச் சொல்லி இன்னொருவருக்கு உத்தரவு போட்டார், நாளைக்கே பள்ளிக்காரர்கள் அதை அழித்துவிடுவார்களாம். அண்ணிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை ஒளித்து வைக்கவும் அவள் முயலவில்லை.

படிக்கட்டில் இறங்கத் தொடங்கியபோது நாத்தனாரின் போன் அடித்தது. கட்டடக்காரர். சாயங்காலம் ஆகிவிட்டது.

நாத்தனார் அதைக் கொஞ்ச நேரம் அடிக்க விட்டாள். கடையைத் தானே கைவிட்டுவிட்டு வந்ததை அப்போதுதான் முழுதாக உணர்ந்தவள் போல அவள் முகம் வாடியது. பிறகு போனை அண்ணியிடம் நீட்டினாள்.

"நீங்க பேசுங்க."

காலையில் இதே போனை இதே கைதான் நீட்டியது. இப்போது நீட்டியது வேறு மாதிரி என்று அண்ணிக்குப் புரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டாள், பழக்க தோஷம்.

"யார் பேசறது?" என்றார் கட்டடக்காரர்.

ஊரில் பாதி பேருக்குப் போனில் பதில் சொல்லியிருக்கிறாள். இந்தக் கேள்வியை அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

"அவளோட அண்ணி பேசறேன்."

இருந்ததை இருந்தபடி சொன்னாள். பணம் இன்னும் வரவில்லை. உத்தரவு வந்திருக்கிறது, ஒரு மாதத்தில் பணம் வரும். வராவிட்டால் அந்த முன்பணத்துக்குத் தானே பொறுப்பு. இடத்தை மட்டும் வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். இதில் எந்த வாக்கியமும் அவ்வளவு அழகாக வரவில்லை. இரண்டு இடத்தில் நாக்கு இடறியது, ஒரு இடத்தில் மூச்சு வாங்கியது.

கட்டடக்காரர் யோசனையோடு சொன்னார்.

"உங்க குரல நான் எங்கேயோ கேட்டிருக்கேனே."

"நிறைய இடத்துல கேட்டிருப்பீங்க. அங்கெல்லாம் எழுதிக் கொடுத்தத வாசிச்சேன். இது நானே சொல்றது."

நாத்தனார் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அண்ணியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டடக்காரர் பெருமூச்சு விட்டது அவளுக்கும் கேட்டது.

"இங்க ஒருத்தர் கையில பணத்தோட உக்காந்திருக்கார். செருப்புக் கடை போடறாராம். இப்பதான் அவருக்கு டீ சொன்னேன். அவர் குடிச்சு முடிக்கறதுக்குள்ள நேர்ல வாங்க, பேசிப் பாக்கலாம். அதுக்கு மேல என்னால முடியாது."

அண்ணி போனை வைக்காமலே தலையசைத்தாள். நாத்தனார் அதற்குள் ஒரே பாய்ச்சலில் பாதிப் படிகள் இறங்கிவிட்டாள். திருப்பத்தில் நின்று மேலே பார்த்தாள்.

"டீ சூடா இருக்கான்னு கேளுங்க அண்ணி."